பூனைகளுக்கு வைத்த தண்ணீர்

தேங்கி நிற்கும் தண்ணீரைப் பூனைகள் விரும்புவதில்லை. கிண்ணத்தில் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். குழாயைத் திறந்தால் ஓடி வரும். போன வருடம்வரை இது எனக்கும் தெரியாது. எங்கள் ஆண் பூனை கோப்பிக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, பங்சாரில் உள்ள மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவர்தான் சொன்னார். ஆண் பூனை போதுமான தண்ணீர் குடிக்காவிட்டால் கல் கட்டிக்கொள்ளும், ஓடுகிற தண்ணீராக வைத்தால் ஆசையாகக் குடிக்கும் என்றார். அன்றைக்கே ஆர்டர் செய்தேன்.

பெட்டியில் ஃபவுண்டன் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பார்த்தால் சோற்றுப் பானை அளவுதான். இரண்டு லிட்டர் பிடிக்கும். அடியில் ஒரு சின்ன மோட்டர், நடுவில் பஞ்சும் கரியும் வைத்த ஃபில்டர், மேலே ஒரு மூடி. தண்ணீர் அந்த மூடியிலிருந்து ஓயாமல் வழிந்து, ஃபில்டருக்குள் இறங்கி, மறுபடி மேலே ஏறும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்ற வேண்டும். நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இன்ஸ்பெக்டர் அவர்களே, இந்தச் சாமானைப் பற்றி நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் பூனைக்கு என்றேன். நீங்கள் நம்பவில்லை. பேசும்போது குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறீர்கள். அதனால்தான் தாள் வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்தவள், எழுதினால் எனக்கு ஒழுங்காக வரும். நீங்கள் பிறகு மலாயில் மாற்றிக்கொள்ளலாம்.

என் அண்ணன் தம்புசாமி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. அண்ணி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது; பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோராவது மாடியில் அவரும் நானும் இரண்டு பூனைகளும் இருந்தோம். கோப்பி, சீனி என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் இனிப்புநீர் வியாதி அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் முடித்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ்.

டயாலிசிஸ் செய்கிறவர்களில் பலருக்குச் சிறுநீர் போவதில்லை. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், அப்புறம் நெஞ்சில் ஏறும். அதனால் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான், குழம்பில் உள்ளதும் சேர்த்து. காலையில் ஒரு போத்தலில் அளந்து வைத்துவிடுவேன். கோலாலம்பூர் வெயிலில் அரை லிட்டர் என்பது என்ன என்று நீங்கள் ஒரு நாள் இருந்து பாருங்கள். மத்தியான நேரத்தில் அவர் உதடு வெடித்திருக்கும்.

"சீதா, ஒரு வாய் மட்டும்லா."

"மணி மூணுதான் ஆகுது அண்ணே. ஆறு மணிக்குத் தரேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கோபித்துக்கொண்டதே இல்லை. மிகவும் சாதுவான மனிதர். ஒரே வீட்டில் பூனைக்குத் தண்ணீர் குடி குடி என்று கெஞ்சுவதும் அண்ணனுக்குத் தண்ணீர் கிடையாது என்று சொல்வதுமாக என் பொழுது போயிற்று. கிடையாது என்று நான் என் வாழ்நாளில் சொன்னதே அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். அதுவும் டாக்டர் உத்தரவு. மற்றபடி யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. பள்ளியில் எல்லார் வேலையையும் நான்தான் செய்தேன். சீதாலெட்சுமி டீச்சர் தட்ட மாட்டார் என்பார்கள்.

அப்படித்தான் சிறுநீரகத்துக்கும் சரி என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். எல்லாம் பொருந்தியது. இவ்வளவு நன்றாகப் பொருந்துவது அதிர்ஷ்டம் என்று டாக்டர் கையைக் குலுக்கினார். ஜூலை பதினான்காம் தேதி என்று நாள் குறித்தார்கள். என்னுடையதில் ஒன்றை எடுத்து அண்ணனுக்கு வைப்பார்கள். அதன்பிறகு அவர் ஆசைதீரத் தண்ணீர் குடிக்கலாம்.

இங்கேதான் நம் ஆட்கள் ஒரு தவறு செய்தார்கள். வேறு யாராவது என்றால் ஆப்பரேஷன் முடியட்டும், பிறகு பாராட்டலாம் என்று காத்திருப்பார்கள். நமக்குப் பொன்னாடை போர்த்தக் காரணம் கிடைத்தால் கை சும்மா இருக்காது. கோயில் தலைவர் பழனியப்பன் மே மாத உபயத்தன்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார். அண்ணனுக்காகத் தன் உடம்பில் ஒரு பாகத்தையே கொடுக்கும் சகோதரி என்று மைக்கில் சொல்லி, ரோஸ் கலரில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, மாலையும் போட்டார். முன்னூறு பேர் கை தட்டினார்கள். படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போயிற்று. என்னிடம் படித்த பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வாழ்த்து அனுப்பினார்கள். பூக்கடை அக்கா ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாக மனிதர்கள் எனக்காக எழுந்து நின்றார்கள். பிடிக்காமல் என்ன செய்யும்?

அதற்கு அடுத்த வாரம் ஸ்கேன். டாக்டர் என் இடுப்புக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்து, "இவ்வளவுதான் டீச்சர்" என்றார். அன்று குளிக்கும்போது அந்த இடத்தில் சோப்புப் போட என் கை போகவில்லை. பயந்தேன். வெறும் பயமாக இருந்தால் ஒரு மாத்திரையில் போயிருக்கும். எனக்கு என் உடம்பு முழுதாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அது ஒன்றுதான் யாருக்கும் கொடுக்காமல் நான் வைத்திருந்தது.

வழி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் ஒரு பெண், என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள். இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும்தான் வீட்டில் சொல்வோம், யாருக்கும் தெரியாது என்றாள். முழுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமே.

அண்ணனும் கேட்டார். ஒரு நாள் சாயங்காலம், கால் இரண்டையும் முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

"சீதா, மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லிடுமா. இந்த மெஷினோடயே நான் இன்னும் பத்து வருஷம் ஓட்டிடுவேன். எத்தன பேரு ஓட்டுறாங்க. நான் ஒன்னும் தப்பா எடுத்துக்க மாட்டேன்லா."

"என்ன அண்ணே இப்படிப் பேசுறீங்க? உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

அவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். அவர் அழுததற்குக் காரணம் வேறு, நான் அழுததற்குக் காரணம் வேறு.

ஃபவுண்டனில் தண்ணீர் குறைவதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். இரண்டு பூனையும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு பெரிய குவளை அளவுகூடக் குடிக்காது. காலையில் நிரப்பினால் சாயங்காலத்துக்குள் பாதி காலியாகி, மோட்டர் கரகரவென்று சத்தம் போட்டது. வெயிலில் ஆவியாகிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். உண்மையிலேயே இரண்டு நாள் அப்படித்தான் எண்ணினேன்.

மூன்றாம் நாள் பாசாருக்குப் போனவள் பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கிரில் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. அண்ணன் அடுப்படியில் சின்ன ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தன் ஃபிளாஸ்க்கின் மூடியை வழிகிற தண்ணீரில் பிடித்து, நிறைந்ததும் குடித்து, மறுபடி பிடித்தார். சத்தமே இல்லை. கோப்பி பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தது. எத்தனை மூடி குடித்தார் என்று எண்ணினேன். ஒன்பது.

நான் உள்ளே போகவில்லை. லிஃப்டில் கீழே இறங்கி, மூலையில் உள்ள மாமாக் டீக்கடையில் ஒரு தே தாரிக் குடித்தேன். இருபது நிமிடம் கழித்து ஏறி வந்து, சாவிக் கொத்தை நன்றாகக் குலுக்கிக் கதவைத் திறந்தேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பெரிய மனிதர், பூனைத் தண்ணீரைக் குடிக்கும்போது தங்கை பார்த்துவிட்டால் கூசிப்போவார். அவர் மானத்தைத்தான் அன்று காப்பாற்றினேன். அடுப்படித் தரையில் சிந்தியிருந்ததைத் துடைத்துவிட்டு ஃபவுண்டனை மறுபடி நிரப்பினேன்.

புதன்கிழமை டயாலிசிஸ் சென்டரில் எடை பார்த்தார்கள். நர்ஸ் மாதவி தராசையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், ரெண்டு நாள்ல மூனரை கிலோ ஏறியிருக்கு. என்ன குடிச்சீங்க? உண்மைய சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயமா, கெஞ்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வீட்டுல நான் அளந்துதான் மாதவி குடுக்கிறேன்" என்றேன். அது பொய் இல்லை.

"இப்படியே போனா ஹார்ட் தாங்காது டீச்சர். ஆப்பரேஷனையும் தள்ளி வெச்சிடுவாங்க."

தள்ளி வைத்துவிடுவார்கள் என்ற சொல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னோடு வந்தது. யாரும் யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரியே சொல்லிவிடும். பொன்னாடையும் மடிப்புக் கலையாமல் அலமாரியிலேயே இருக்கும். அந்தக் கட்டத்தில் நான் வேறு எதுவும் விரும்பவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். தள்ளிப்போனால் போதும் என்றுதான் இருந்தேன். மறுநாள் ஃபவுண்டனை அடுப்படியிலிருந்து ஹாலுக்கு மாற்றினேன், அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில். கோப்பி பகலில் ஹாலில்தான் படுக்கும்.

ஓடுகிற தண்ணீரின் சத்தம் தாகம் உள்ளவனுக்கு எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. காலையில் அதில் ஐஸ் கட்டியும் போட ஆரம்பித்தேன். வெயில் காலத்தில் பூனைக்குக் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது என்று எங்கோ படித்திருந்தேன்.

மாதவி விடவில்லை. அவள் கெட்டிக்காரி. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள், ரசத்தை ருசி பார்த்தாள், அண்ணனின் தலையணைக்கு அடியில்கூடப் போத்தல் இருக்கிறதா என்று தடவினாள். ஒன்றும் கிடைக்காமல் ஹாலில் வந்து உட்கார்ந்தாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஃபவுண்டன் ஓடிக்கொண்டிருந்தது. அரை லிட்டர்கூட இருக்காது. கரகரவென்று சத்தம் போட்டது.

"இது என்ன டீச்சர்?"

"பூனைக்கு."

அண்ணன் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தன. நல்ல வேளையாகச் சீனி எழுந்து வந்து, மாதவியின் கண்ணெதிரே நாக்கை நீட்டி நக்கிக் குடித்தது. மாதவி சிரித்துவிட்டாள்.

"அழகா இருக்கே. எங்க வீட்டுப் பூனைக்கும் ஒன்னு வாங்கணும். தண்ணி அழுக்காகாதா?"

"ஃபில்டர் இருக்குமா. நாம குடிக்கிற தண்ணிய விட இது சுத்தம்."

மாதவிக்குத்தான் பதில் சொன்னேன். அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் தாராளமாகக் குடித்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மாதவி குரலைத் தணித்துச் சொன்னாள்: "வெள்ளி முடிஞ்சு திங்கள் வரைக்கும் உள்ள கேப்தான் டேஞ்சர் டீச்சர். மத்த நாள் மெஷின் காப்பாத்திடும். அந்த சனி ஞாயிறு மட்டும் அங்கிள தனியா விட்டுடாதீங்க."

நல்ல பெண். அவளைக் குறை சொல்ல வேண்டாம். அக்கறையாகத்தான் சொன்னாள்.

ஜூன் பத்தாம் தேதி இருதய டாக்டர் பார்த்தார். இன்னும் தாங்கும், ஆப்பரேஷனைத் தள்ள வேண்டியதில்லை, தண்ணீரை மட்டும் கவனியுங்கள் என்றார். அண்ணன் லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜூலை பதினான்குக்கு ஐந்து வாரம்கூட இல்லை. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெளியே வந்தபோது அவர் கவலையோடு என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் கை பட்ட இடம் அந்தக் கோடு இழுத்த இடம்.

கிள்ளானில் இருக்கும் எங்கள் சித்தி மகள் மலருக்கு ஜூன் கடைசி ஞாயிறு வளைகாப்பு. மூத்த பெண்ணாக இருந்து நான்தான் முன்னின்று நடத்த வேண்டும், வெள்ளிக்கிழமையே வந்துவிட வேண்டும் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அண்ணனுக்கு டயாலிசிஸ் முடிந்த அசதி. வரவில்லை, நீ போய்ட்டு வா என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானமே இரண்டு நாளைக்கும் சமைத்து வைத்தேன். கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று அவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உப்பு ஆகாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அன்று வைத்துக் கொடுத்தேன். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். போத்தலில் வழக்கம்போல அரை லிட்டர் அளந்து வைத்தேன்; சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று. ஃபவுண்டனைக் கழுத்துவரை நிரப்பினேன். தீர்ந்தால் ஊற்றுவதற்கு, பக்கத்திலேயே இரண்டு பெரிய ஜக்கில் ஃபில்டர் தண்ணீர் பிடித்து மூடி வைத்தேன்.

ஞாயிறு காலை பதினொன்றே காலிலிருந்து அண்ணன் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார் என்று என் போனில் இருப்பதைக் காட்டினீர்கள். கூப்பிட்டார். போன் மடியில்தான் இருந்தது, பெயரைப் பார்த்தேன். அப்போது மலரின் கையில் நான் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தால் சபையில் என்ன நினைப்பார்கள்? சந்தனம் பூசி, வளையல் முடித்து, எல்லாரும் ஆரத்தி எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன். வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. அவர் நாற்காலியிலேயே இருந்தார். வாயில் நுரை கட்டியிருந்தது. ஜக் இரண்டும் காலி. ஃபவுண்டனும் காலி, மோட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஈமக் காரியத்தின்போது பழனியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்துவைக்கவில்லையே டீச்சர், நீங்கள் கொடுக்கத் தயாராக இருந்தும் அவருக்கு வாங்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுதார். ஆமாம் என்றேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூனைக்குத்தான் தண்ணீர் வைத்தேன் என்று நான் மூன்றாம் முறை சொன்னபோது, பூச்சோங்கில் பூனைகளை விட்டுவிட்டுப் போகும் ஒரு கேட் ஹோட்டலின் ரசீதை மேசைமேல் வைத்தீர்கள். அது என்னுடையதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கோப்பியையும் சீனியையும் அங்கே விட்டுவிட்டுத்தான் கிள்ளானுக்குப் போனேன். இடம் பிடித்தது ஜூன் பத்து, இருதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே. அந்த இரண்டு நாளும் வீட்டில் பூனை இல்லை. அந்தத் தண்ணீர் அண்ணனுக்கு வைத்தது. முழுவதையும் குடிப்பார் என்று தெரிந்து வைத்தது. குடித்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்ட மாட்டார் என்பதும் தெரியும்.

அவரும் பூனைகள் போவதைப் பார்த்தார். நான் இரண்டு கூடையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"பூனைதான் உன்கூட வருதே சீதா. இத நிப்பாட்டலயா?"

"ஓடட்டும் அண்ணே. நிப்பாட்டி வெச்சா மோட்டர் கெட்டுரும்."

அவர் ஃபவுண்டனைப் பார்த்தார். ஜக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், திட்டாமல், அண்ணன் ஆசைக்குக் கொஞ்சம் குடிக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"நீ ரொம்ப நல்லவமா சீதா."

அண்ணன் என்னிடம் நேரில் சொன்ன கடைசி வார்த்தை அது. மலாயில் எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.